கார் எடுக்கிறீர்களா? எக்ஸ்டெண்டட் வாரண்டிக்குப் பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

அட்வான்ஸ் கட்டியாகிவிட்டது, கலர் முடிவாகிவிட்டது, லோன் பேப்பரிலும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அப்போதுதான் ஷோரூம்காரர் ஆன்ரோடு விலைப்பட்டியலை எடுத்து வைப்பார். எக்ஸ்ஷோரூம் விலை, சாலை வரி, இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக், ஆக்சஸரீஸ் என்று வரிசையாகப் போய், அடியில் ஒரு வரியில் எக்ஸ்டெண்டட் வாரண்டி, அதாவது கம்பெனி வாரண்டி முடிந்த பிறகும் தொடரும் கூடுதல் வாரண்டி என்று இருக்கும். சின்ன காருக்குச் சில ஆயிரங்கள், பெரிய ஆட்டோமேட்டிக் வண்டிக்கு அதைப் போலப் பல மடங்கு. "எல்லாரும் போட்டுக்கறாங்க சார். பின்னாடி போட்டா ரேட் ஏறிடுமுங்க" என்பார். பத்து லட்சம் கொடுக்கிற நேரத்தில் இன்னொரு இருபதாயிரம் பெரிதாகத் தெரியாது. சரி, போடுங்க என்று தலையாட்டிவிடுவோம்.

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கம் முதல் தடவையாகக் கார் எடுக்கிற பலர் இந்த இடத்தில் யோசிக்காமல் பணம் கட்டுகிறார்கள். இன்னும் சிலர், இதெல்லாம் ஏமாற்று வேலை என்று யோசிக்காமலே வேண்டாம் என்கிறார்கள். எப்படிச் செய்தாலும் நஷ்டம் வரலாம். வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள், வண்டியை எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள், இலவச சர்வீஸ் முடிந்த பிறகு வண்டியை யாரிடம் விடுவீர்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால் முடிவு பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். மூன்றாவது கேள்வியைத்தான் யாரும் கேட்டுக்கொள்வதில்லை. நம் பகுதியில் பணம் வீணாவது அதிகமும் அதனால்தான்.

கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

எந்தப் புதுக் காரும் கம்பெனி வாரண்டியோடுதான் வருகிறது. அதற்குத் தனியாகக் காசு கிடையாது. மாருதி சுசூகி 2024 ஜூலை வரை 2 வருடம் அல்லது 40,000 கிலோமீட்டர்தான் கொடுத்துவந்தது. அதன்பிறகு அதை 3 வருடம் அல்லது 1,00,000 கிலோமீட்டராக உயர்த்திவிட்டது. டொயோட்டாவிலும் 3 வருடம் அல்லது 1,00,000 கிலோமீட்டர். ஹூண்டாயில் 3 வருடம், கிலோமீட்டர் வரம்பு இல்லை. மற்ற கம்பெனிகளும் ஏறத்தாழ இதே அளவில்தான் தருகின்றன. மாடலுக்கு மாடல் வித்தியாசம் உண்டு என்பதால் உங்கள் வண்டியின் வாரண்டிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பழைய 2 வருடக் காலத்தில் கூடுதல் வாரண்டி வாங்க ஒரு வலுவான காரணம் இருந்தது. நிறைய ஓட்டுகிறவருக்கு 40,000 கிலோமீட்டர் ஒன்றரை வருடத்திலேயே முடிந்துவிடும். அந்தக் கால அனுபவத்தை வைத்துத்தான் மாமாவும் பெரியப்பாவும் "கண்டிப்பாப் போட்டுரு கண்ணு" என்கிறார்கள். இப்போது நிலவரம் மாறிவிட்டது. தயாரிப்புக் குறை எதுவும் இருந்தால் அதில் பாதிக்கு மேல் முதல் மூன்று வருடத்திலேயே வெளியே தெரிந்துவிடும் என்பது என் எண்ணம். அந்த மூன்று வருடமும் உங்களுக்கு இலவசமாகவே இருக்கிறது.

ஆகவே கூடுதல் வாரண்டி என்று நீங்கள் பணம் கட்டுவது நான்காவது வருடத்தில் இருந்து வரும் வருடங்களுக்கு மட்டும்தான். இன்று கட்டுகிற பணம் மூன்று வருடம் கழித்துத்தான் வேலை செய்யத் தொடங்கும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் ஷோரூம் மேஜையில் வரும் அவசரம் பாதி குறைந்துவிடும்.

"எது முந்துகிறதோ அது வரை"

வாரண்டித் தாளில் வருடமும் கிலோமீட்டரும் சேர்ந்தே இருக்கும். இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதோடு வாரண்டியும் முடிந்தது. விலையைப் பார்க்கும் முன் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

ஒரு உதாரணம். தாராபுரத்தில் வீடு, திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. போக வர ஏறத்தாழ 100 கிலோமீட்டர். வருடத்தில் 300 நாள் போனால் 30,000. கோயில், கல்யாணம், கோவை ஆஸ்பத்திரி என்று இன்னும் ஐயாயிரம் சேர்த்தால் 35,000. மூன்று வருடம் முடியும் முன்பே ஒரு லட்சம் தாண்டிவிடும். மாருதியின் கூடுதல் வாரண்டியை எடுத்துக்கொண்டால் நான்காம் வருடத் திட்டம் 1,20,000 கிலோமீட்டர் வரை, ஐந்தாம் வருடத் திட்டம் 1,40,000 வரை, ஆறாம் வருடத் திட்டம் 1,60,000 வரை. இவர் ஆறு வருடத் திட்டம் வாங்கினாலும் ஒரு லட்சத்துக்கு மேல் அவருக்குக் கிடைப்பது 60,000 கிலோமீட்டர்தான். அது ஒன்றேமுக்கால் வருடத்தில் ஓடிவிடும். மூன்று வருடத்துக்கான பணத்தைக் கட்டி, இரண்டு வருடம்கூட முழுதாகக் கிடைக்காமல் போகிறது.

அதே காரைக் கோவை சாயிபாபா காலனியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 5,000 கிலோமீட்டர். ஆறு வருடத்தில் 30,000. அவருக்கு வருடங்கள் முழுவதும் கிடைக்கும். ஆனால் 30,000 கிலோமீட்டர் ஓடிய இன்ஜினிலும் கியர்பாக்ஸிலும் பெரிதாகக் கெட்டுப்போக என்ன இருக்கிறது? ஏசி, ஸ்டியரிங் மோட்டார், டச் ஸ்கிரீன் போன்ற, ஓட்டத்தைவிட வயதினால் கெடுகிற சாமான்களுக்காக மட்டும்தான் அவர் பணம் கட்டுகிறார். அதுவும் நியாயமான காரணம்தான், ஆனால் அவர் அதைத் தெரிந்து கட்ட வேண்டும்.

வருடத்துக்கு 10,000 முதல் 18,000 கிலோமீட்டர் வரை ஓட்டுகிறவர்களுக்குத்தான் இந்தத் திட்டம் நன்றாகப் பொருந்துகிறது. வருடங்கள் முழுவதும் கிடைக்கும், பாகங்கள் கெட வாய்ப்புள்ள அளவுக்கு வண்டியும் ஓடியிருக்கும். உங்கள் கணக்கு தெரியவில்லை என்றால், இப்போது ஓட்டுகிற பைக்கின் மீட்டரையோ வீட்டுப் பழைய காரின் சர்வீஸ் பில்களையோ எடுத்துப் பாருங்கள். இரண்டு பில்லில் இருக்கும் தேதியும் கிலோமீட்டரும் போதும். மனக்கணக்காகச் சொன்னால் எல்லோரும் கூட்டித்தான் சொல்வார்கள்.

எது சேரும், எது சேராது

வாரண்டி என்பது பாகம் தானாகக் கெட்டுப்போனால் மாற்றித் தருவது. தேய்ந்துபோனால் தருவதில்லை. அதனால் பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர், பில்டர், ஆயில், பல்பு எல்லாம் வெளியே. பேட்டரிக்கும் டயருக்கும் அந்தந்தக் கம்பெனிகள் தனியாக வாரண்டி தருகின்றன. சஸ்பென்ஷனில் உள்ள ரப்பர் புஷ்கள் பல திட்டங்களில் சேர்வதில்லை.

நம் பக்கம் மலை ஏறாத கார் கிடையாது. பொள்ளாச்சியில் இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, பண்ணாரியில் இருந்து திம்பத்துக்கு 27, கொல்லிமலைக்கு 70. மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்குப் போகாத குடும்பமும் இல்லை. மலை ஏறி இறங்கும்போது அதிகம் தேய்வது கிளட்சும் பிரேக்கும். இரண்டும் வாரண்டியில் சேராது. "நாங்க அடிக்கடி மலைக்குப் போவமுங்க, அதனால வாரண்டி போட்டுக்கறோம்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தக் காரணம் மட்டும் போதாது.

தோட்டத்து வீட்டில் வண்டி நிறுத்துகிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். எலி வயரைக் கடித்தால் வாரண்டி தராது. பானட்டுக்குள் சூடாக இருக்கும் இடத்தில் எலி தென்னை நாரையும் பஞ்சையும் கொண்டுபோய்க் கூடு கட்டும். காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்தால் ஸ்கிரீனில் வரிசையாக எச்சரிக்கை விளக்கு எரியும். வயரிங் மொத்தமும் மாற்ற வேண்டி வந்தால் செலவு கனமாகவே இருக்கும். அதற்கு இன்சூரன்ஸ் பாலிசியைத்தான் பார்க்க வேண்டும். மயில் கண்ணாடியிலும் கதவிலும் தன் உருவத்தைப் பார்த்துக் கொத்திவிட்டுப் போனாலும் அதே கதைதான். காங்கேயம், பல்லடம், தாராபுரம் பக்கம் இருக்கிறவர்கள் வண்டிக்குக் கவர் போட்டு நிறுத்துவது நல்லது.

மழைத் தண்ணீரும் அப்படியே. கோவையில் ஒரு நல்ல மழை பெய்தால் லங்கா கார்னர் பாலத்துக்கு அடியிலும் கிக்கானி பள்ளிக்கூடத்துப் பக்கம் உள்ள சுரங்கப் பாதையிலும் தண்ணீர் தேங்கும். அதில் வண்டியை இறக்கி, இன்ஜினுக்குள் தண்ணீர் போய் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்தால், எந்த எக்ஸ்டெண்டட் வாரண்டியும் கைகொடுக்காது. இன்சூரன்ஸில் 'இன்ஜின் புரொடெக்ஷன்' என்ற கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால்தான் உண்டு. தண்ணீரில் வண்டி நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது, தள்ளித்தான் வெளியே எடுக்க வேண்டும். இந்தப் பாதுகாப்புக்கும் வாரண்டிக்கும் இடையே ஒன்றுக்குத்தான் கையில் பணம் இருக்கிறது என்றால், நகரத்துக்குள் ஓட்டுகிறவர் இதை முதலில் எடுக்கலாம் என்பேன்.

பிறகு என்னதான் சேரும்? இன்ஜின், கியர்பாக்ஸ் உள்பாகங்கள், டர்போ, பியூயல் பம்ப், இன்ஜெக்டர், ஏசி கம்ப்ரசர், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், பவர் ஸ்டியரிங் மோட்டார், இசியு என்று சொல்கிற இன்ஜின் கம்ப்யூட்டர். அடிக்கடி கெடாது, கெட்டால் ஒரு மாதச் சம்பளத்தை எடுத்துக்கொண்டு போகும். திட்டத்துக்குத் திட்டம் இந்தப் பட்டியல் மாறும். ஒரு பக்க விளம்பரத் துண்டைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள். "சேராத பாகங்கள் லிஸ்ட் இருக்குமில்லீங்களா, அதைக் குடுங்க" என்று கேளுங்கள். சேர்வதைப் படிப்பதைவிடச் சேராததைப் படித்தால் சீக்கிரம் புரியும்.

ஐந்து விலைகள்

ஷோரூமில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட முடியாது. அதே கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். அங்கே ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டர் தனியாக இருக்கும். நீங்கள் வாங்கப்போகும் மாடலின் பெயரைச் சொல்லி ஐந்து சாமான்களின் விலையைக் கேளுங்கள்: ஏசி கம்ப்ரசர், ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டியரிங் மோட்டார், இசியு, ஆட்டோமேட்டிக் என்றால் கியர்பாக்ஸை இயக்கும் கண்ட்ரோல் யூனிட், மேனுவல் என்றால் பியூயல் பம்ப். விலையைச் சொல்வதில் அவர்களுக்குத் தயக்கம் இருக்காது, தினமும் சொல்கிற வேலைதான் அது. வேலைக் கூலி எவ்வளவு ஆகும் என்பதையும் சேர்த்துக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது வாரண்டியின் விலையைப் பக்கத்தில் எழுதுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்ததா, தனியா என்று கேட்டு, மொத்தத் தொகையைப் போடுங்கள். வாரண்டி 20,000, அந்த ஐந்து சாமான்களில் ஒன்று மாற்றச் சராசரியாக 40,000 என்று வைத்துக்கொள்வோம். உங்களைப் போல் ஓட்டுகிற இரண்டு பேரில் ஒருவருக்கு அந்த மூன்று வருடத்தில் அப்படி ஒரு செலவு வந்தால்தான் கட்டிய பணத்துக்குக் கணக்கு நேராகும். சாதாரண பெட்ரோல் இன்ஜின், மேனுவல் கியர், பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கிற மாடல் என்றால் அது நடக்காது என்றே நான் நினைப்பேன். அதே சமயம் வாரண்டி 30,000, கியர்பாக்ஸ் யூனிட் மட்டும் ஒன்றரை லட்சம் என்று தாளில் வந்தால், ஐந்து பேரில் ஒருவருக்கு வந்தாலே கணக்கு நேராகிவிடுகிறது. அப்போது நான் யோசிக்காமல் போடுவேன்.

லோனில் சேர்க்கிற விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். "தனியாக் கட்ட வேண்டியதில்லீங்க, லோன்லயே சேத்துக்கலாம்" என்பார்கள். 20,000 ரூபாயை 9 சதவீத வட்டிக்கு 5 வருட லோனில் சேர்த்தால் மாதம் 415 ரூபாய். கேட்கச் சின்னதாக இருக்கும். கட்டி முடிக்கும்போது 24,900 ஆகியிருக்கும். 7 வருட லோன் என்றால் 27,000. மூன்று வருடம் கழித்து வேலை செய்யப்போகும் ஒன்றுக்கு இன்றிலிருந்தே வட்டி. வாரண்டி வேண்டும் என்று முடிவானால் கையில் இருந்து கட்டுங்கள்.

வண்டியை யாரிடம் விடப்போகிறீர்கள்?

கொங்கு நாட்டில் மெக்கானிக்குக்குப் பஞ்சம் இல்லை. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரி, திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டி, கரூரில் பஸ் பாடி, கோவையில் மோட்டார் பம்பும் பவுண்டரியும் என்று இரும்போடு பழகிய ஊர்கள். ஒவ்வொரு ஊரிலும் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே குறையைச் சொல்லும் ஒரு பட்டறைக்காரர் இருப்பார். மூன்று இலவச சர்வீஸ் முடிந்ததும், கம்பெனியில் எட்டாயிரம் பில் வரும் வேலையை நாலாயிரத்தில் முடித்துத் தருகிறார் என்று வண்டி அவரிடம் போய்விடும். அப்பா காலத்து அம்பாஸடரைப் பார்த்தவர், மாமன் வீட்டு டிராக்டரைப் பார்த்தவர். நம்பிக்கையும் அதிகம், கூலியும் குறைவு. இதில் தப்பே இல்லை.

ஆனால் எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கியவர் அப்படிப் போக முடியாது. கம்பெனி சொன்ன கால இடைவெளியில், கம்பெனி அங்கீகரித்த சர்வீஸ் சென்டரில், எல்லா சர்வீஸும் செய்திருக்க வேண்டும் என்பது எல்லாத் திட்டங்களிலும் இருக்கும் நிபந்தனை. இடையில் ஒரு சர்வீஸ் விட்டுப்போனாலும், வெளியே ஆயில் மாற்றியிருந்தாலும், பெரிய இன்ஜின் வேலைக்குப் போய் நிற்கும்போது அதைக் காட்டி மறுத்துவிட முடியும். பணம் கட்டி வாரண்டியும் வாங்கிவிட்டு, நான்காம் வருடம் பட்டறையில் சர்வீஸ் செய்து, கடைசியில் இரண்டும் இல்லாமல் நிற்கிற குடும்பங்கள் நம் பக்கம் நிறைய. இதைத் தடுக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அதனால் வாரண்டியின் உண்மையான விலையைக் கணக்கிடும்போது, கம்பெனி சர்வீஸுக்கும் வெளி சர்வீஸுக்கும் உள்ள வித்தியாசத்தையும் சேருங்கள். வருடத்துக்கு நாலாயிரம் வித்தியாசம் என்றால் மூன்று வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம். 20,000 ரூபாய் வாரண்டி உங்களுக்கு 32,000 ரூபாய்க்கு விழுகிறது. எப்படியும் கம்பெனி சர்வீஸில்தான் விடப்போகிறேன் என்கிறவருக்கு இந்தக் கூடுதல் கிடையாது. அவருக்குத்தான் வாரண்டி மலிவு.

தூரமும் ஒரு கணக்கு. கோவையிலோ ஈரோட்டிலோ சேலத்திலோ இருப்பவருக்கு எல்லாக் கம்பெனி சர்வீஸும் பக்கத்திலேயே இருக்கும். வால்பாறையிலோ அந்தியூருக்கு மேலே பர்கூரிலோ இருப்பவர், ஒவ்வொரு சர்வீஸுக்கும் மலை இறங்கி வர வேண்டும். ஒரு நாள் வேலை போகும். உங்கள் ஊரில் இருந்து பக்கத்து சர்வீஸ் சென்டர் எங்கே, வருடத்துக்கு எத்தனை தடவை போக வேண்டும் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

குறைவாக ஓட்டுகிறவர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். "பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம்" என்றுதான் பெரும்பாலான வண்டிகளுக்கு சர்வீஸ் வரும். இங்கேயும் எது முந்துகிறதோ அதுதான். நாலாயிரம்தானே ஓடியிருக்கிறது, எதற்கு சர்வீஸ் என்று ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டால் வாரண்டிக்குச் சிக்கல் வந்துவிடும்.

யார் தருகிற வாரண்டி?

இதைக் கட்டாயம் கேளுங்கள். கார் கம்பெனியே தருகிற எக்ஸ்டெண்டட் வாரண்டி ஒன்று. டீலரோ வேறு நிறுவனமோ, பின்னால் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியை வைத்துக்கொண்டு தருவது இன்னொன்று. தாள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கம்பெனி வாரண்டி நாட்டில் எந்த ஊர் சர்வீஸ் சென்டரிலும் செல்லும். இரண்டாவது வகையில் இத்தனை ரூபாய்க்கு மேல் தரமாட்டோம் என்ற உச்சவரம்பு இருக்கலாம், ஒப்புதல் வர நாளாகலாம், டீலர் கடையை மூடினால் அலைய வேண்டியிருக்கலாம். என்னைக் கேட்டால், புதுக் காருக்குக் கம்பெனி வாரண்டி இல்லாவிட்டால் எதுவுமே வேண்டாம் என்பேன்.

'சர்வீஸ் பேக்கேஜ்', 'ரோடு சைடு அசிஸ்டன்ஸ்' என்று வேறு இரண்டு திட்டங்களையும் இதோடு சேர்த்துக் கட்டித் தருவார்கள். முதலாவது சர்வீஸ் செலவை முன்கூட்டியே கட்டுவது. இரண்டாவது வழியில் நின்றுபோனால் இழுத்துவர ஆள் அனுப்புவது. உங்கள் இன்சூரன்ஸிலேயே அது ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றையும் தனித்தனி வரியாக, தனித்தனி விலையோடு எழுதித் தரச் சொல்லுங்கள். கட்டாயம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கித்தான் வண்டி எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

எப்போது வாங்குவது?

டெலிவரி அன்றே வாங்கினால்தான் மலிவு என்பது பாதி உண்மை. பெரும்பாலான கம்பெனிகள் முதல் வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் வாங்க விடுகின்றன. நாள் ஆக ஆக விலை படிப்படியாக ஏறும். டெலிவரி அன்று என்ன விலை, ஒரு வருடம் கழித்து என்ன விலை, முடிவதற்கு முந்தின மாதம் என்ன விலை என்று மூன்றையும் எழுதி வாங்குங்கள். வித்தியாசம் இரண்டாயிரம் மூன்றாயிரம்தான் என்றால் நான் காத்திருப்பேன். ஒரு வருடம் ஓட்டிப் பார்த்தால் வண்டி எப்படி, அந்த சர்வீஸ் சென்டர் எப்படி, வருடத்துக்கு எவ்வளவு ஓடுகிறது என்று மூன்றும் தெரிந்துவிடும். ஓட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்றால் வாங்காமலே விட்டுவிடலாம். அந்தத் தெளிவுக்காகக் கூடுதலாகக் கொடுக்கிற பணம் வீண் இல்லை.

நாலு வருடத்தில் வண்டியை மாற்றிவிடுகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால், ஒரு வருடத் திட்டம் போதும், அல்லது எதுவும் வேண்டாம். வாரண்டி மீதி இருக்கிற வண்டிக்கு விற்கும்போது வாங்குகிறவரிடம் கொஞ்சம் மதிப்பு உண்டு. ஆனால் கட்டிய பணம் முழுவதும் விலையில் திரும்பி வராது. பெயர் மாற்றும்போது வாரண்டியையும் மாற்ற முடியுமா, அதற்குக் கட்டணம் உண்டா, எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று வாங்கும்போதே கேட்டுவையுங்கள்.

நான் யாருக்குப் போடச் சொல்வேன்

ஆட்டோமேட்டிக், அதிலும் இரண்டு கிளட்ச் உள்ள டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் வைத்த வண்டிகள், டர்போ பெட்ரோல், புதிய டீசல், சன்ரூப்பும் 360 டிகிரி கேமராவும் பெரிய ஸ்கிரீனுமாக எலக்ட்ரானிக்ஸ் நிறைந்த எஸ்யுவிகள், சந்தைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத புது மாடல்கள். இவற்றை ஆறேழு வருடம் வைத்திருக்கப் போகிறவர், நடுத்தரமாக ஓட்டுகிறவர், கம்பெனியிலேயே சர்வீஸ் செய்கிறவர் என்றால் போடுங்கள். நல்ல பட்டறைக்காரருக்கும் இந்த எலக்ட்ரானிக்ஸில் கைவைக்கத் தேவையான ஸ்கேனரும் சாப்ட்வேரும் பல சமயம் கிடைப்பதில்லை.

சின்ன மேனுவல் பெட்ரோல் கார், நம்பிக்கையான பட்டறை, வருடத்துக்கு முப்பதாயிரம் ஓட்டம். இவர்கள் அந்தப் பணத்தை வண்டிச் செலவுக்கு என்று தனியாக பேங்கில் போட்டு வையுங்கள். கெட்டால் எடுத்துக்கொள்ளலாம். கெடாவிட்டால் அடுத்த டயருக்கு ஆகும்.

எலக்ட்ரிக் காருக்குக் கணக்கு வேறு. பெரிய பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்ற வாரண்டி பல கம்பெனிகளில் வண்டியோடே வருகிறது. கூடுதல் திட்டம் மோட்டார், சார்ஜர், மற்ற எலக்ட்ரானிக்ஸுக்கு நீள்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வாங்கிய பிறகு அதைக் காப்பாற்றுவது

வாங்கிவிட்டீர்கள் என்றால், வாரண்டி கெடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. வெளியே சிஎன்ஜி, எல்பிஜி கிட் போடாதீர்கள். ஹெட்லைட்டுக்கும் மியூசிக் சிஸ்டத்துக்கும் வயரை வெட்டி இணைப்புக் கொடுக்கிற கடைகளில் விடாதீர்கள், மின்சாரக் கோளாறு எது வந்தாலும் அந்த வெட்டைத்தான் காட்டுவார்கள். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டினால் வாரண்டியும் போகும், இன்சூரன்ஸும் சிக்கலாகும்.

இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் விஷயத்தில் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வழியில் டெம்பரேச்சர் ஏறினால், பக்கத்துத் தோட்டத்தில் ஒரு குடம் போர் தண்ணீர் வாங்கி ஊற்றுவது நம் பழக்கம். பல்லடம், அவினாசி, காங்கேயம் பக்கத்து போர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்பது அங்கே குழாய் மாற்றுகிறவர்களுக்குத் தெரியும். அந்தத் தண்ணீரே தொடர்ந்து ரேடியேட்டரில் ஓடினால் உள்ளே வெள்ளையாகப் படிந்து, ஓடும் வழி அடைத்து, கடைசியில் இன்ஜின் மேல்பகுதியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போகும். சர்வீஸ் சென்டரில் மூடியைத் திறந்ததும் பச்சையோ சிவப்போ இருக்க வேண்டிய இடத்தில் கலங்கிய தண்ணீரைப் பார்ப்பார்கள். அதன்பிறகு பேச்சுக்கே இடமில்லை. ஒரு லிட்டர் கலந்த கூலன்ட் டப்பாவை டிக்கியில் போட்டு வையுங்கள். டெம்பரேச்சர் விளக்கு எரிந்தால் ஓரம்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். அடுத்த ஊர் வரைக்கும் ஓட்டிப்போய், அதனால் இன்ஜின் கெட்டால், விளக்கு எரிந்தும் ஓட்டினீர்கள் என்று மறுத்துவிடலாம்.

எல்லா சர்வீஸ் பில்லையும், வண்டியை விடும்போது வேலையை எழுதித் தருகிற ஜாப் கார்டையும் ஒரே கவரில் வையுங்கள். போனில் போட்டோ எடுத்தும் வையுங்கள். ஒரு குறையைச் சொல்லி வண்டியை விடும்போது, சர்வீஸ் அட்வைசர் "பாத்துக்கறமுங்க" என்று வாயால் சொன்னால் போதாது. நீங்கள் சொன்ன வார்த்தையிலேயே ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். "ஏசி ஓடும்போது இடது பக்கம் கரகரன்னு சத்தம்" என்றால் அப்படியே எழுதட்டும்.

வாரண்டியில் வராது என்று மறுத்தால், எந்த நிபந்தனையின்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் அல்லது மெயிலில் கேளுங்கள். முதலில் டீலரின் சர்வீஸ் மேனேஜர், பிறகு கார் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவு. அங்கும் சரியாகவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வக்கீல் இல்லாமல் நீங்களே மனு கொடுக்கலாம். பிரச்சினை எழுந்த நாளில் இருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும்.

கடைசியாக ஒன்று. இது கூடுதல் வாரண்டி வாங்காதவர்களுக்கும்தான். கம்பெனி வாரண்டி முடிவதற்கு இரண்டு மாதம் முன்னால் தேதியைப் போனில் குறித்து வையுங்கள். அன்றைக்கு வண்டியை சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப்போய், முழு செக்கப் செய்யச் சொல்லுங்கள். சஸ்பென்ஷன் சத்தம், ஸ்டியரிங் இழுப்பு, ஏசி குளிர்ச்சி, இன்ஜினுக்கு அடியில் ஆயில் கசிவு என்று ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லி, கண்டுபிடித்ததை எல்லாம் வாரண்டிக்குள்ளேயே மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். மாற்ற மறுத்த குறையும் அந்த ஜாப் கார்டில் ஏறியிருக்கட்டும். இரண்டு மாதம் கழித்து அதே இடம் பெரிதாகக் கெட்டால், வாரண்டி இருக்கும்போதே சொன்னோம் என்பதற்கு அந்தத் தாள்தான் அத்தாட்சி.